பாக்கியமேரி முன்வாசலில் கேட்ட வீடு

வீட்டுப் புரோக்கர் வரதனுடைய கமிஷனைப் பாக்கியமேரி விழுங்கிவிட்டாள் என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். அந்த வீட்டை அவளுக்கு வரதனா காட்டினான்? அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்தே அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்று டீ குடித்தவள் அவள். அவளுக்குப் போய் அந்த வீட்டை இன்னொருத்தன் காட்ட வேண்டுமா?

ரேஷன் கடை வரிசையில் நின்றால் இதே பேச்சு. குழாயடிக்குப் போனால் இதே பேச்சு. "நடவுக்கு ஆள் சேத்து உட்டு மேஸ்திரி கூலி வாங்கறா இல்ல? அவ வாங்கலாம், வரதன் வாங்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அவள் எப்படி மேஸ்திரி வேலை பார்க்கிறாள் என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மற்ற மேஸ்திரிகள் நிலத்துக்காரரிடம் போனில் பேசிக் கூலியை முடித்துக்கொள்வார்கள். அவர் என்ன சொன்னார், இவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்று நடுகிற பெண்களுக்குத் தெரியாது. பாக்கியமேரியிடம் அந்தக் கதை நடக்காது. நிலத்துக்காரர் வரப்புக்கு வர வேண்டும். பெண்கள் சேற்றில் இறங்குவதற்கு முன்னால் எதிரில் நிற்க வேண்டும். "இன்னா கூலி, எப்ப கரையேறணும், நாஷ்டா உண்டா இல்லையா, எல்லாம் இங்கயே சொல்லிடுங்க. இவங்க காதுல வுயணும்" என்பாள். அவர் சொன்னதும் திரும்பி, "இதுல எனக்கு இவ்ளோ. புடிக்காதவ இப்பவே கரைல ஒக்காந்துக்கோ" என்று தன் பங்கையும் சத்தமாகச் சொல்வாள். மாகறல் பக்கம் ஒரு பெரிய மனிதர் வெயிலில் வர முடியாது என்று சொன்னதற்காக, நாற்று பிடுங்கி வைத்த வயலை விட்டுவிட்டு ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். அப்போதும் இதே வாய்கள்தான் அவளைத் திமிர் பிடித்தவள் என்றன.

அவளுக்கு வீடு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. புருஷன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு இறக்கும் வேலையில் இருந்தான். அங்கேயே ஒரு நாள் செத்துப் போனான். அதற்கு வந்த பணத்தை அவள் தொடவில்லை, பேங்கிலேயே கிடந்தது. காலனியில் கொழுந்தன் பெஞ்சமின் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, நடவு நட்டு, ஒரே மகளைத் தென்னேரியில் கட்டிக் கொடுத்தாள். பெஞ்சமின் நல்லவன்தான். ஆனால் அவன் மகன் ஜான்சனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. புதுப் பெண் வந்தால் அந்த அறைதான் வேண்டும்.

அவன் அதை நேராகச் சொல்ல மாட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தான். "பின்னாடி தகரம் போட்டு ஒரு கொட்டா கட்டித் தரேன் அண்ணி. ஃபேன்கூட மாட்டிடலாம்."

"கொட்டா யாருது பெஞ்சமினு?"

"இன்னா அண்ணி இப்டி கேக்கற? உன்னுதுதான்."

"என்னுதுன்னா நாளைக்கு உன் பேரன் வளந்து நின்னு எந்திரின்னு சொல்ல முடியாதே. சொல்லுவானே!"

பெஞ்சமின் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். எழுந்திரு என்று யாரும் சொல்ல முடியாத ஒரு கதவு. அவளுக்கு வேண்டியது அதுதான். ஜான்சன் கல்யாணத்துக்குள் அது கிடைக்காவிட்டால் தகரக் கொட்டாய்தான், அதில் புகுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் வரதனைக் கூப்பிட்டது அவள்தான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இடம், வீடு என்று எதைக் கேட்டாலும் வரதனைத்தான் சொல்வார்கள். சுறுசுறுப்பானவன். காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் பொழுது சாயும் வரை சுற்றிக் காட்டினான். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற ஏரி உள்வாயில் கல் நட்டு வைத்திருந்த மனை ஒன்று. காலனிக்கு அந்தப் பக்கம், மின்கம்பமே வராத இடத்தில் இன்னொன்று. அங்கே பாதி கட்டி நின்றுபோன வீடும் ஒன்று கிடந்தது.

"ஏன் வரதா, எல்லாம் காலனிக்கு அந்தாண்டயே காட்டிக்கினு கீற? ஊர்த் தெருவுல வூடே இல்லியா?"

வரதன் வண்டியை ஓரம் கட்டினான். "கீது யக்கா. ஒனக்குக் காட்டக் கூடாதுன்னு இல்ல. காட்னா அவங்க என்ன நாளைக்கு அந்தத் தெருவுக்குள்ள உட மாட்டாங்க. தெரிஞ்சிக்கினே கேக்கறியே."

"பாஞ்சாலியம்மா வூடு விக்கறாங்கன்னு கேள்விப்பட்டனே."

பாஞ்சாலியம்மாள் வீடு தெருவின் கோடியில், ரோட்டைப் பார்த்து இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த அம்மாள் தனியாக இருந்தாள். மகன் தினேஷ்குமார் தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, வீடுதான் பாக்கி. அவர்கள் வயலுக்கு வருஷா வருஷம் நடவு ஆள் விட்டவள் பாக்கியமேரி.

வரதன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த வூடு வோணுமா? முடிச்சிடலாம். ஆனா நான் சொல்ற மாதிரி நட. அக்ரிமெண்ட்ட என் பேர்ல போடுவோம். ரிஜிஸ்டர் அன்னிக்கு உன் பேர எழுதிக்கலாம். அது வரைக்கும் நீ அந்தத் தெரு பக்கமே தல காட்டாத. அந்தம்மா கேட்டா செங்கல்பட்டுல ஒரு வாத்தியாரு வாங்கறாருன்னு சொல்லிக்கறேன். கையெழுத்து ஆயிட்சின்னா அப்றம் எவன் இன்னா பண்ண முடியும்?"

வரதன் கெட்டவன் இல்லை. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அவன் சொன்ன வழியில் போயிருந்தால் பத்திரமும் நடந்திருக்கும். "யோசிச்சு சொல்றேன்" என்று வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். கூட நடவு நடுகிற அம்முலுவிடம் சொன்னாள்.

"அவன் சொல்றத கேளுக்கா" என்றாள் அம்முலு. "நம்ம நேரா போயி கேட்டா தருவாங்களா? அவன் வாயி பத்தும், நம்ம வாயி பத்தாது."

"வாங்கிட்டு உள்ள போன பின்னாடி எப்டிடி இருக்கறது? வாத்தியாரு வருவாருன்னு பாத்துக்கினு கீறவங்க எதிர்ல நான் பொட்டிய எறக்கினா? ஏமாத்திட்டு வந்தவன்னுதான பாப்பாங்க? சாவற வரைக்கும் அந்தத் தெருவுல தலைய குனிஞ்சிக்கினு நடக்கணும்."

"அப்ப நேரா கேட்டு இல்லன்னுட்டா?"

"இல்லன்னு என் மூஞ்சிய பாத்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டாள். ஆனால் போனது எப்படித் தெரியுமா? மறுநாள் வேலை முடிந்து, கால் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். மனசுக்குள் பேச வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். கால் பழகின வழியில் போயிற்று. வாய்க்கால் ஓரமாகப் போய், மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். பாஞ்சாலியம்மாள் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி மேரி. நல்ல நேரத்துல வந்த. குத்தகைக்காரன் நவரை நடவுக்கு ஆள் கேட்டுக்கினே கீறான். எப்ப உடுவ?"

அவள் வாய் திறப்பதற்குள் நடவு, நாற்று, மழை என்று பேச்சு போயிற்று. கொட்டகை ஓரம் எப்போதும் வைத்திருக்கிற டம்ளரில் டீ வந்தது. குடித்தாள், கழுவிக் கவிழ்த்தாள். "சரிம்மா, வர்றேன்" என்று அதே கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். வாய்க்கால் மேட்டில் நின்றபோதுதான், தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. யாரும் அவளைப் பின்பக்கம் வா என்று சொல்லவில்லை. தானாகவே வந்து, தானாகவே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வீடு கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அவளுக்கு அவள் மேலேயே அப்படிக் கோபம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பின்பக்கம் போய் நின்று கேட்டால் அது வீடு கேட்கிற பேச்சாக இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, ஷேர் ஆட்டோவில் பெண்களோடு வேலைக்குப் போகிற வழியில், தெருக்கோடியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"எறங்குங்கடி. வரப்புப் பேச்சு கீது."

"இங்க எங்கக்கா வரப்பு?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பாஞ்சாலியம்மாள் வீட்டு வாசற்படிக்கு எதிரே, ரோட்டோரம் அவர்களை நிறுத்தினாள். அம்முலு மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். பாக்கியமேரி முன்கதவைத் தட்டினாள். அந்தக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை.

பாஞ்சாலியம்மாள் கதவைத் திறந்து திகைத்தாள். "இன்னாடி மேரி, இங்க வந்து நிக்கற? தோட்டத்துக் கதவு தொறந்துதான கீது?"

"வேலையா வந்தா அப்டி வருவேம்மா. இன்னிக்கு வூடு கேக்க வந்தேன்."

"எந்த வூடு?"

"இந்த வூடுதான்."

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "செங்கல்பட்டு வாத்தியாரு ஒருத்தரு வாங்கறார்னு நேத்து ராத்திரி வரதன் வந்து சொன்னானே?"

"அந்த வாத்தியாரு நான்தாம்மா."

ரோட்டோரம் நின்றிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "எங்கக்கா நாத்துக்கெல்லாம் பாடம் எடுக்கும்மா!" என்று ஒருத்தி கத்தினாள். பாஞ்சாலியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான் உன் மூஞ்சிய பாத்திருப்பனா? என்ன இன்னா கேனச்சின்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?"

"அதுக்குத்தாம்மா இங்க வந்து மூஞ்சிய காட்டறேன். நான் சரின்னு சொல்றதுக்குள்ளயே வந்து சொல்லிக்கீறான். அவன் சொன்ன வழி எனக்கு வாணாம். குடுக்கறதுன்னாலும் இல்லன்னு சொல்றதுன்னாலும் என்ன பாத்து சொல்லுங்க. இவங்க காதுல வுயட்டும்."

அதற்குள் எதிர்வீட்டு கேட் திறந்தது. பஞ்சாட்சரம் வெளியே வந்தார். பாஞ்சாலியம்மாளின் புருஷனுக்குப் பங்காளி. அந்த வீட்டைப் பாதி விலைக்குத் தனக்கே கொடுத்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவர். "இன்னா பாஞ்சாலி, காலங்காத்தால கூட்டம்?" என்றார். விஷயம் தெரிந்ததும் பாக்கியமேரியைப் பார்க்காமலே பேசினார். "வெல பேசறதுக்கு முன்னாடி தெருவ யோசிச்சிப் பேசு."

"தெருவா?" பாஞ்சாலியம்மாளுக்கு எங்கோ இருந்த கோபமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. "அவரு படுக்கைல கெடந்தப்ப இந்தத் தெரு எங்க போச்சி? என் தொட்டி நெறஞ்சி ரெண்டு சொட்டு உங்க வாசல்ல வந்தா மட்டும் தெரு வந்து நிக்குது!"

அதனால் உடனே சரி என்று சொல்லிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். படியில் உட்கார்ந்துகொண்டாள். நடவுக்கு நேரமாகிறது என்று ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பாக்கியமேரி நகரவில்லை.

"எனக்கு ஒரு பேச்சு கீதுடி" என்றாள் பாஞ்சாலியம்மாள் கடைசியில். "அத வரதன் கிட்ட சொன்னேன். அதெல்லாம் சொன்னா வாங்க வர்றவன் ஓடிடுவான், அப்றம் பாத்துக்கலாம்னு என் வாய மூடிட்டான். அவரு உசுரு போனது உள் ரூம்புல. வருஷா வருஷம் திதி அன்னிக்கு அங்கதான் படையல் போடறேன். தாம்பரத்துல மூணாவது மாடில போட்டா அவரு எங்கன்னு தேடி வருவாரு? வருஷத்துல அந்த ஒரு நாளு நான் இங்க வரணும். வூடு யாருதா இருந்தாலும் வரணும். நீ சர்ச்சுக்குப் போறவ, சிலுவ மாட்டி வெச்சிருப்ப. உட்ருவியா?"

இது பாக்கியமேரி எதிர்பார்க்காதது. விலையைக் கேட்பார்கள், ஜாதியைக் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். சர்ச்சில் உபதேசியார் காதுக்குப் போனால் கேட்பார், அது நிச்சயம். அவள் அம்முலுவைப் பார்த்தாள். அம்முலு மண்ணைப் பார்த்தாள். சாவு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தானே பாக்கியமேரி? அவள் புருஷன் செத்த இடத்துக்கு அவளை உள்ளேயே விடவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு சாவிய உங்க கைல குடுத்துட்டு நான் நடவுக்குப் போயிடுவேன்" என்றாள். "நீங்க படைங்க, அழுவுங்க, எவ்ளோ நேரமானாலும் இருங்க. ஆனா படைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு வடைய எடுத்து வெச்சிடணும். படைச்ச பின்னாடி வெச்சீங்கன்னா உபதேசியாரு திட்டுவாரு."

பாஞ்சாலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு.

"இன்னொன்னு. வரும்போது வாசப்பக்கமா வாங்க. தோட்டத்து வழியா வந்து நின்னீங்க, கதவ தொறக்க மாட்டேன்."

"வாய் கொயுப்புடி உனக்கு" என்றாள் அந்த அம்மாள். பிறகு விலை பேசினார்கள். தினேஷ்குமார் சொல்லி வைத்திருந்த விலைதான், கொஞ்சம் குறைந்தது. பேசி முடித்ததும் பாக்கியமேரி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களாடி? வெலையும் கேட்டீங்க, திதியும் கேட்டீங்க." அப்புறம் எதிர்வீட்டைப் பார்த்து, "நைனா, நீங்களும் கேட்டுக்கினீங்கதான?" என்றாள். பஞ்சாட்சரம் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அதுவும் கேட்டதற்கு அடையாளம்தான்.

புரோக்கர் இல்லாமல் வேலை சுலபமாக முடிந்தது என்று பொய் சொல்ல வேண்டாம். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பழைய சொசைட்டி அடமானம் ஒன்று, கடன் தீர்ந்தும் பதிவிலிருந்து நீங்காமல் நின்றது. வரதனாக இருந்தால் ஒரு போனில் முடித்திருப்பான். அவள் நடவை விட்டுவிட்டு அலைந்து அதை நீக்கினாள். தினேஷ்குமார் லீவு போட்டு வந்தான், தன்னைக் கேட்காமல் அம்மா பேசி முடித்துவிட்டாள் என்று கோபமாகத்தான் வந்தான். பத்திரம் எழுதுகிறவரிடம் தனக்குப் படிக்கத் தெரியாது என்பதை மறைக்காமல் சொன்னாள். எல்லாரையும் எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவர் சலித்துக்கொண்டார். பிறகு படித்தார். திதி விஷயத்தைப் பத்திரத்தில் எழுத முடியாது என்றார். "எயுத வாணாம். அது பேசியாச்சி" என்றாள் பாஞ்சாலியம்மாள்.

பத்திரம் பதிவான பிறகுதான் வரதன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவளை மடக்கினான்.

"யக்கா, என் பொயப்புல மண்ண போட்டுட்டியே!"

"இன்னாடா போட்டேன்? நீ வாத்தியாருக்குப் பேசுன வூட்ட நான் வாங்கிட்டேன். வாத்தியாரு வந்தா அனுப்பு, நான் பேசிக்கறேன்."

"பேஜார் பண்ணாதக்கா. சும்மாவா சுத்திக் காட்னேன்?"

"சும்மா இல்ல." அவள் இடுப்பிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். "ஒரு நாள் பூரா சுத்தன. ஒரு நாள் நடவுக் கூலி. நாஷ்டா அன்னிக்கே வாங்கிக் குடுத்துட்டேன்."

"என்ன நடவு ஆளா சேத்துட்டியா?" டீக்கடையே சிரித்தது.

"சேறு படாம தரேன், வாங்கிக்கோ."

அவனும் சிரித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் கோபம் வந்து ஊரெல்லாம் பேச ஆரம்பித்தான். ரேஷன் கடைப் பேச்சின் வேர் அதுதான்.

ஜான்சன் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அவள் கிளம்பினாள். ஒரு பீரோ, இரண்டு அண்டா, கட்டில், புருஷன் போட்டோ. எல்லாம் குட்டியானை வண்டியில் பாதிகூட நிரம்பவில்லை. பெஞ்சமின் கயிறு கட்டிக்கொண்டே அவள் காதில் சொன்னான்.

"டிரைவர வாய்க்கா ஓரமா உடச் சொல்லிட்டேன் அண்ணி. தோட்டத்துப் பக்கம் எறக்கிடலாம். யார் கண்ணுலயும் படாது. ரெண்டு நாளு போனா அவங்களுக்கே பழகிடும்."

"நான் இன்னா திருட்டு சாமானா ஏத்திக்கினு போறேன்?"

"சண்டைக்கு வந்துட்டா?"

"வந்தா வாசல்ல நின்னு வரட்டும். எனக்குந்தான் வாசல் கீது இப்ப."

அவள் உள்ளே போய்க் காலியான அறையைப் பெருக்கினாள். புதுப் பெண் வரப்போகிற அறையில் குப்பை இருக்கக் கூடாது என்று மூலையெல்லாம் பெருக்கினாள். புது வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு ஒரு தடவையில் விழவில்லை, அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். பயம் இல்லை என்று யார் சொன்னது? பயந்துகொண்டேதான் போனாள். பெஞ்சமின் மனைவி கதவோரம் நின்று அழுதாள். "அழுவாத, வெள்ளிக்கெயம சந்தைக்கு வரும்போது வா, அங்க டீ குடிக்கலாம்" என்றாள் பாக்கியமேரி. "நல்ல டம்ளர்ல தரேன்."

வெளியே அம்முலுவும் மற்ற பெண்களும் புடவை மேல் நடவுச் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

"ஊர்த் தெரு வயியா உடு நைனா" என்றாள். "மெதுவா உடு. நான் முன்னாடி நடந்து வரேன்."

"ஏறிக்கோ ஆயா, எதுக்கு நடக்கற?"

பாக்கியமேரி புடவையைச் சரி செய்துகொண்டு, பெஞ்சமின் வீட்டு வாசற்படியைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தாள்.